வாசலில் காய்ந்த ஓலை

என் மகள் வயதுக்கு வந்தபோது, தாய்மாமன் கல்லுக்குண்டாக இருந்தும், அவளுக்குப் பச்சை ஓலை கட்ட ஆளில்லாமல் போனது. காரணம் ஓர் அரசியல் தலைவர். அந்த மனிதருக்கு எங்களைத் தெரியவே தெரியாது. ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் இப்படி ஒரு குடும்பம் இருக்கிறது, அதில் ஒரு பெண் மூலையில் உட்கார்ந்திருக்கிறது என்று யாராவது அவர் காதில் போட்டிருந்தால், 'முதலில் போய்க் குழந்தையைக் கவனியுங்கள்' என்றுதான் சொல்லியிருப்பார். அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் உங்களில் பாதிப் பேர் என் தம்பி பக்கம் போய்விடுவீர்கள், மீதிப் பேர் என் வீட்டுக்காரர் பக்கம். என் பக்கம் ஒருவரும் இருக்க மாட்டீர்கள். பட்டவள் சொல்கிறேன்.

கட்சிச் சண்டை எந்தக் காலத்தில்தான் இல்லை என்று கேட்பவர்கள் உண்டு. இருந்தது, நான் இல்லை என்று சொல்லவில்லை. அறுபதுகளில் என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நடந்தது. என் வீட்டுக்காரர் ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டர். அப்போது ஆட்சியில் இருந்த கட்சிக்காரர். என் தம்பி பூந்தமல்லியில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்தான். அவன் எதிர்க்கட்சி. கரையான்சாவடியில் இருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு, ஹேண்டில்பாரில் மீன் பையைத் தொங்கவிட்டபடி வருவான். பையை என்னிடம் கொடுப்பான், செருப்பைக் கழற்றுவான், சண்டையைத் தொடங்குவான்.

"உங்காளுங்க ஆட்சியில அரிசி எங்க மாமா கீது? எலி கூட ஊட்ட காலி பண்ணிகினு பூடுச்சு."

"உங்காளுங்க வந்தா மட்டும் இன்னா, வானத்துலேர்ந்து கொட்டுமா?"

நான் ரேஷன் பையை இருவர் நடுவிலும் போட்டு, ரெண்டு பேரும் போய் வரிசையில் நில்லுங்கள் என்று விரட்டுவேன். போகும்போது அடித்துக்கொண்டு போவார்கள். வரும்போது, அரிசியில் புழு இருக்கிறது என்ற விஷயத்தில் ஒத்துப்போய் வருவார்கள். அப்புறம் ஒரே குழம்பு, ஒரே சட்டி. யாருக்கு மீன் தலை என்பதில்தான் மறுபடியும் தகராறு வரும். தம்பியின் கட்சி ஜெயித்த அன்று அவன் லட்டு வாங்கிவந்து, மாமன் வாயைத் தன் கையால் திறந்து திணித்தான். அவர் மென்று முடித்துவிட்டு, "லட்டு நல்லாத்தான் கீது. கட்சிதான் சரியில்ல" என்றார். இருவரும் சிரித்தார்கள். அதுதான் கட்சிச் சண்டை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது பழகியும் போயிருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், கொஞ்ச காலத்தில் என் வீட்டுக்காரரும் தம்பியின் கட்சிக்கே வந்துவிட்டார். தொழிற்சங்கத்தில் அவருடைய சிநேகிதர்கள் எல்லாம் அந்தப் பக்கம் போனார்கள், இவரும் போனார். அப்பாடா, இனி ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாகச் சோறு பொங்கலாம் என்று நான் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினேன். ஊற்றிய கூழ் வீண். வேறு வேறு கட்சியில் இருந்தவரை ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள், ஒரே கட்சிக்கு வந்த பிறகுதான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அந்தக் கட்சிக்குள்தான் நான் சொன்ன தலைவர் பெரிய ஆளாக வளர்ந்தார். பிறகு கட்சி இரண்டாகப் பிளந்தது. தம்பி அவரோடு போனான். இவர் போகவில்லை. இதுவும் பழைய மாதிரிதானே, நாலு நாள் கத்துவார்கள், அப்புறம் மீன் தலைக்கு வந்துவிடுவார்கள் என்று நான் விட்டுவிட்டேன். அங்கேதான் ஏமாந்தேன். முன்பெல்லாம் சண்டைக்கு ஒரு பொருள் இருந்தது. அரிசி விலை என்றால் கடைக்குப் போய்ப் பார்க்கலாம். ரோடு போட்டார்களா என்றால் நடந்து பார்க்கலாம். இந்தத் தலைவர் விஷயத்தில் போய்ப் பார்க்க ஒன்றுமே இல்லை. மழை பெய்தால் அவர் வந்த நேரம் என்பான் தம்பி. மழை பெய்யாவிட்டால், அவரை எதிர்க்கிற பாவிகளால் என்பான். என் வீட்டுக்காரர் அதற்கு மேலே. அந்தத் தலைவர் ஒரு மேடையில் இளநீர் உடம்புக்கு நல்லது என்று சொன்னாராம். அந்தக் கோடை முழுக்க இவர் இளநீர் தொடவில்லை. சூட்டில் கண்ணெரிச்சல் வந்து, நான் நல்லெண்ணெய் தேய்த்துவிட்டேன்.

சரி, பைத்தியம் உங்களோடு போகட்டும் என்றால் அதுவும் இல்லை. நடுவில் நிற்கவே விட மாட்டார்கள். தண்ணீர்க் குழாயடியில் பக்கத்து வீட்டு அம்மாள் என்னைக் கேட்பாள், நீ எந்தப் பக்கம் என்று. முடிவெட்டுகிற கடையில் எந்தத் தலைவர் படம் மாட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஆண்கள் உள்ளே தலையைக் கொடுத்தார்கள். தம்பி ஒரு நாள் என்னிடமே கேட்டான்.

"எக்கா, ஒனக்கு தலைவர புடிக்குமா, புடிக்காதா? ஒண்ணு சொல்லு."

"எனக்கு குழாய்ல தண்ணி வந்தா புடிக்கும்டா."

"அப்ப நீயும் மாமா பக்கந்தான்" என்று சொல்லிவிட்டுப் போனான். தண்ணீர் எப்படி மாமா பக்கமானது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

முறிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இருவருக்கும் சோறு போட்டுவிட்டு, நான் ரசத்துக்குப் போனேன். அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் அந்தத் தலைவரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். நான் இங்கே எழுதத் தக்க வார்த்தை இல்லை. இதைவிட மோசமான வார்த்தையை இவர் தம்பியின் கட்சியைப் பற்றி ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார். தம்பியும் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்திருக்கிறான். அன்றைக்கு அவன் கை சோற்றிலேயே நின்றது.

"கட்சிய இன்னா வேணா சொல்லிக்கோ மாமா. அவர சொல்லாத. அவர சொன்னா என்னைய சொன்ன மாதிரி."

"அப்ப உன்னையத்தான்டா சொல்றேன்."

தம்பி எழுந்துவிட்டான். பாதிச் சோற்றில், கையில் பருக்கை ஒட்டியிருக்க, செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். பெண் கொடுத்த வீட்டில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். ரசக் கரண்டியோடு நின்ற எனக்கு யாரை அடிப்பது என்று தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அழுகையில் இல்லை, ஆத்திரத்தில். எள்ளு காய்வது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதற்குக் காய வேண்டும் என்று கத்தினேன். இதில் யாரை எள் என்றாய், யாரைப் புழுக்கை என்றாய் என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை மீன் வருவது நின்றது. நல்லது கெட்டதுக்குக்கூட ஒருவர் போகிற இடத்துக்கு மற்றவர் போகவில்லை. அந்த நிலைமையில்தான், கோடை தொடங்குகிற சமயம், என் மகள் பெரியவளானாள்.

எங்கள் வழக்கம் இதுதான். பெண் உட்கார்ந்துவிட்டால் முதலில் தாய்மாமன் வீட்டுக்கு முறையாகச் சொல்ல வேண்டும். அவன் பச்சைத் தென்னை ஓலை வெட்டி வந்து, தன் கையால் குடிசை கட்டி, அவளை அதற்குள் உட்கார வைப்பான். புடவை, சீர்வரிசை எல்லாம் அவன் கொண்டுவர வேண்டும். கடைசியில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் பெண் வீட்டுக்குள் புழங்கலாம், வாசல் தாண்டலாம். மாமன் வராமல் தண்ணீர் இல்லை. தண்ணீர் ஊற்றாமல் வெளியே போவதில்லை. ஆகவே என் மகள் பின்கட்டு வராந்தாவில், தனித் தட்டு, தனிப் பாய் என்று உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு எட்டாம் வகுப்பு முழுப் பரிட்சை வந்துகொண்டிருந்தது. அவள் பாயில் கணக்குப் புத்தகத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. என்னை ஐந்தாவதோடு நிறுத்தியது இதே மூலைதான். அப்போது நடவு வேலைக்குப் போய்விட்டு வந்த என் அம்மா, உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருக்கட்டும், படித்தது போதும் என்று சொன்னாள், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. ஆனால் பெண் பெயிலானால் மறுபடியும் ஒரு வருஷம் அதே வகுப்பில் உட்கார வைக்கிற ஆளும் இல்லை. இந்தப் பரிட்சை போனால் அவள் படிப்பு போனது. அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அந்த ரெண்டு ஆண்களுக்கு மட்டும் தெரியவில்லை.

"போய் உன் மச்சானுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு வா" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"அந்தப் படம் மாட்டிக் கீற எடத்துல நான் கால் வைக்க மாட்டேன்."

நானே பூந்தமல்லி பஸ் ஏறினேன். பட்டறையில் தலைவர் படம் பெரிதாக, பூமாலையோடு இருந்தது. தம்பி இரும்புத் தூள் படிந்த கையோடு வந்தான். விஷயம் அவனுக்கு யார் மூலமோ முன்பே தெரிந்திருந்தது. ஆனால் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டான்.

"மாமா வந்து முறையா சொல்லட்டும். தலைவர சொன்னது தப்புன்னு சொல்லட்டும். நான் ஓலையோட வரேன்."

"பொண்ணு மூலையில உக்காந்துகினு கீதுடா. சைக்கிள் பெடல் கால் எட்டாத வயசுலேர்ந்து உன் பின்னாடியே சுத்துனவ. உன் தலைவரா வந்து ஓலை கட்டப் போறாரு?"

அவன் படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். "பொடவை எடுத்து வெச்சாச்சு எக்கா" என்று மெதுவாகச் சொன்னான். "ஓலைக்கும் நூம்பல் ஊர்ல தோப்புக்காரர்கிட்ட சொல்லிட்டேன்." அவனுக்கு வருவதற்கு ஆசைதான். அதை யாராவது பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓலையும் கட்டி, அன்றைக்கே தண்ணீரும் ஊற்றி, குடிசையைப் பிரித்துவிடலாம் என்று பேசி முடித்தேன். திங்கட்கிழமை கணக்குப் பரிட்சை. பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டு வண்டியில் ஓலை வந்தது. பின்னாலேயே தம்பியும் அவன் பெண்டாட்டியும் வரிசைத் தட்டுகளோடு வந்தார்கள். தம்பி அவன் கட்சிக் கரை போட்ட வேட்டியில் இருந்தான். என்றைக்கும் லுங்கியில் திரிகிற என் வீட்டுக்காரர் அன்றைக்கென்று பெட்டியைக் குடைந்து தன் கட்சிக் கரை வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். பெண்ணுக்குச் சடங்கா, இல்லை பொதுக்கூட்டமா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இருந்தாலும் அவர் "வா" என்றார். தம்பியும் "வரேன்" என்றான். சரி, ஆளுக்கு ஒரு வார்த்தை பேசிவிட்டார்கள் என்று நான் ஆரத்தித் தட்டை எடுக்கப் போனேன்.

திரும்பி வருவதற்குள் கெட்டது. முதல் தட்டில் இருந்த புடவையை என் வீட்டுக்காரர் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம். அந்த இரண்டும் சேர்ந்தால் தம்பியின் தலைவருடைய கொடி.

"இது பொடவை இல்ல, கொடி" என்றார். "என் பொண்ணு மேல உன் கொடிய போர்த்தப் பாக்கறியா?"

தம்பி பெண்டாட்டி பதறினாள். "ஐயோ அண்ணா, நாந்தான் எடுத்தேன். பொண்ணு மாநெறம், இது எடுப்பா இருக்கும்னு எடுத்தேன். அவரு கடைக்கே வரல."

அது சத்தியமான வார்த்தை. புடவையைப் பார்த்து முதலில் திகைத்தவனே தம்பிதான், அவன் முகத்தில் நான் பார்த்தேன். அவனுக்கும் அந்த நிமிஷம்தான் தெரிகிறது. 'தெரியாமல் நடந்துவிட்டது மாமா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் தலைவரின் கொடியைத் தெரியாமல் எடுத்தேன் என்று அவன் வாயால் எப்படிச் சொல்வான்?

"ஆமா, கொடிதான்" என்றான். "இன்னாங்கற இப்ப?"

"எட்த்துகினு போ."

"தாய்மாமன் சீரு. வாசல் வரைக்கும் வந்தது திரும்பாது."

"உள்ளயும் வராது."

ஓலை வாசலுக்குக் குறுக்கே இறங்கிக் கிடந்தது. அதன் அந்தப் பக்கம் தம்பி, இந்தப் பக்கம் வீட்டுக்காரர். குடியிருப்பு முழுக்கக் கூடிவிட்டது. அதுவும் இரண்டாகப் பிரிந்து நின்றது. ஒருவர், இந்த நிறம் கொடி நிறமில்லை, கொடி இன்னும் கொஞ்சம் அழுத்தமாக இருக்கும் என்றார். இன்னொருவர் வீட்டுக்கு ஓடிப்போய் ஒத்துப்பார்க்க ஒரு நிஜக் கொடியையே எடுத்துவந்தார். கிடக்கிறது கிடக்கட்டும், கிழவனைத் தூக்கி மணையில் வை என்கிற கதை. நல்ல நேரம் முடிந்தது. தண்ணீர் ஊற்ற வந்த சுமங்கலிகள் உலை கொதிக்கிறது என்று ஒவ்வொருவராக நழுவினார்கள். நான் இவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அவனிடம் போய்க் கெஞ்சினேன். இருவருமே ஒரே பதிலைச் சொன்னார்கள். "நீ உள்ள போ."

உள்ளே போனேன். பின்கட்டில் மகள் புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தாள். வாசல் சத்தம் அவளுக்குத் தெளிவாகவே கேட்டிருந்தது.

"எம்மா, இவங்க இன்னிக்கு முடிக்க மாட்டாங்களா?" என்று கேட்டாள். "நாளைக்கு கணக்குமா."

என் பின்னாலேயே வந்து நின்ற தம்பி பெண்டாட்டி அதைக் கேட்டாள். அவள் அதிகம் பேசாதவள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "அண்ணி, மஞ்சள எடுங்க" என்றாள். "இவுங்க ஓயறதுக்குள்ள இந்தப் பொண்ணுக்குக் கல்யாணமே ஆயிடும்."

பின்பக்கக் குழாயடியில், துணி துவைக்கிற கல்லின் மேல் மகளை உட்கார வைத்தோம். ஓலை இல்லை, மேளம் இல்லை. தாய்மாமன் பெண்டாட்டி முதல் சொம்பை ஊற்றினாள், நான் அடுத்ததை ஊற்றினேன். வாசலில் கொடியின் நிறத்தைப் பற்றிக் கத்துகிற சத்தம் எங்கள் தலைக்கு மேலே வந்துகொண்டே இருந்தது. மகள் குளிரில் நடுங்கியபடி சிரித்தாள். எங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்தது, அதை நான் மறைக்கவில்லை. என் கல்யாணப் புடவையைச் சுற்றிவிட்டு, பொட்டு வைத்து, ஆளுக்கு ஒரு வாய் சர்க்கரைப் பொங்கல் ஊட்டினோம். தம்பி பெண்டாட்டி தன் கண்ணாடி வளையல்களைக் கழற்றி அவள் கையில் ஏற்றினாள். பிறகு ஒன்றும் நடக்காதது போல வாசலுக்குப் போய், தன் புருஷனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு கிளம்பினாள். வரிசைத் தட்டுகளை அவன் பக்கத்து வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனான். ஓலையை யாரும் தொடவில்லை.

மறுநாள் காலை மகள் தலைபின்னி, பரிட்சை அட்டையும் பேனாவும் எடுத்துக்கொண்டு முன்வாசலுக்கு வந்தாள். என் வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பிச் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரே நாள் வெயிலில் ஓலை விளிம்பெல்லாம் சுருண்டு போயிருந்தது.

"எங்க போற? சடங்கு முடியல."

"முடிஞ்சிடுச்சு நைனா" என்றாள். "தண்ணி ஊத்தியாச்சு, பொங்கல் ஊட்டியாச்சு."

"எப்ப? எங்க?"

"நேத்து. பின்னாடி குழாய்கிட்ட. நீங்களும் மாமாவும் வாசல்லதான் இருந்தீங்க."

அவள் பாவாடையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு ஓலையைத் தாண்டி, தெருவில் இறங்கிப் போய்விட்டாள். அவர் துணியைக் கையில் பிடித்தபடி நின்றார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று நான் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் நகர்ந்தார்.

தம்பிக்கு அவன் பெண்டாட்டியே சொல்லியிருக்கிறாள். அவன் பட்டறைக்குப் போகாமல் அன்று முழுக்கப் படுத்துக் கிடந்தானாம். மகள் அந்தப் பரிட்சையில் தேறினாள், அதற்கு மேலும் படித்தாள். இருவரும் வயதாகி, ஒருவழியாகப் பேச்சுவார்த்தைக்கு வந்தார்கள். ஆனால் என் பெண்ணின் சடங்கு அன்று அவள் எப்படி இருந்தாள் என்று அவர்களைக் கேட்டால், இரண்டு பேருக்கும் சொல்லத் தெரியாது. புடவை என்ன நிறம் என்று கேட்டால், உடனே சொல்வார்கள்.